கோப்பு மாறுகிறது, வாட்ச் பேசவில்லை: சர்வர் கண்காணிப்பில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்குதல்

லினக்ஸ் சர்வரில் ஒரு டைரக்டரிக்குள் என்ன மாறுகிறது என்று கமாண்ட் லைனிலிருந்தே பார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலோர் முதலில் எடுப்பது ஐநோட்டிஃபைவெயிட்டைத்தான். ஐநோட்டிஃபை-டூல்ஸ் என்ற பேக்கேஜை நிறுவினால் அது வந்துவிடும். ஒரு வரி அடித்தவுடன் வேலை செய்யும். பிரச்சினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது: அது வேலை செய்யாமல் போகும்போது பெரும்பாலும் சத்தமே வராது. ப்ராசஸ் ஓடிக்கொண்டிருக்கும், பிழைச் செய்தி இருக்காது, கோப்பு மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம். கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் அடித்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன் ஒரு விஷயம். ஐநோட்டிஃபை என்பது அந்தக் கருவிக்கு அடியில் இருந்து கோப்பு மாற்றங்களைத் தெரிவிக்கும் கெர்னல் வசதி; 2005-இல் 2.6.13 கெர்னலோடு வந்தது. அது வாட்ச்சை (கண்காணிப்புக் கொக்கியை) மாட்டுவது கோப்பின் பெயரில் அல்ல. அந்தப் பெயர் அப்போது சுட்டிக்கொண்டிருந்த ஐநோடில், அதாவது பெயருக்குப் பின்னால் கோப்பு அமைப்பு வைத்திருக்கும் உண்மையான கோப்புப் பதிவில். பெயர் நாளை வேறொரு ஐநோடைச் சுட்டலாம், வாட்ச் பழைய இடத்திலேயே நிற்கும். கீழே வரும் கோளாறுகளில் பல இதிலிருந்து பிறப்பவைதான். அதனால் எந்த அறிகுறியானாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: வாட்ச் இப்போது எதன் மேல் மாட்டியிருக்கிறது?

ஆரம்பத்திலிருந்தே ஒரு வரிகூட வரவில்லை

இன்னொரு டெர்மினலைத் திறந்து, கண்காணிக்கும் டைரக்டரிக்குள் நீங்களே ஒரு மாற்றத்தைச் செய்து பாருங்கள். பலரும் இதற்கு டச் கட்டளையைப் பயன்படுத்துவார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் கோப்பை டச் செய்தால் ஓப்பன் (திறப்பு), அட்ரிப் (பண்பு மாற்றம்), க்ளோஸ்_ரைட் (எழுதத் திறந்ததை மூடுதல்) ஆகிய நிகழ்வுகள் வரும்; மாடிஃபை (உள்ளடக்க மாற்றம்) வராது, ஏனென்றால் உள்ளே எதுவும் எழுதப்படவில்லை. நீங்கள் "-இ மாடிஃபை" என்று, அதாவது அந்த நிகழ்வு மட்டும் போதுமென்று, கேட்டிருந்தால் சோதனையே பொய்யான பதிலைத் தரும். எக்கோவைக் கொண்டு கோப்பின் கடைசியில் ஒரு வரி சேருங்கள், அதுதான் சரியான சோதனை. இன்னும் நல்லது, "-இ" எதுவும் இல்லாமல் ஓட்டுவது:

ஐநோட்டிஃபைவெயிட் -எம் /டேட்டா/வரவு

எல்லா வகை நிகழ்வுகளும் வந்து கொட்டும். அதில் நமக்கு வேண்டியது எது என்று பார்த்த பிறகு வடிகட்டிக்கொள்ளலாம். "-எம்" இல்லையென்றால் முதல் நிகழ்வோடு கட்டளை முடிந்து வெளியே வந்துவிடும் என்பதையும் கவனியுங்கள்.

"-ஆர்" போட்டு உள்ளே இருக்கும் டைரக்டரிகளையும் சேர்த்துக் கேட்டிருந்தால் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஐநோட்டிஃபைக்குத் துணை டைரக்டரிகள் என்ற கணக்கே கிடையாது. கருவிதான் மரம் முழுக்க நடந்து ஒவ்வொரு டைரக்டரிக்கும் ஒரு வாட்ச் மாட்டுகிறது. லட்சக்கணக்கில் டைரக்டரிகள் இருந்தால் இதற்கே நேரம் எடுக்கும். "வாட்சஸ் எஸ்டாப்ளிஷ்ட்" என்ற வரி வந்த பிறகுதான் கண்காணிப்பு முழுமையாகத் தொடங்கியது என்று அர்த்தம். "-க்யூ" போட்டு அந்த வரியை மறைத்துவிட்டால் எப்போது தொடங்கியது என்றே தெரியாது.

இதெல்லாம் சரி, நாமே செய்யும் மாற்றம் தெரிகிறது, மற்றவர்கள் செய்வது மட்டும் தெரியவில்லை என்றால் கோப்பு அமைப்பைப் பாருங்கள். ஃபைண்ட்எம்என்டி -டி (டார்கெட்டின் பெரிய டி) என்று அடித்து டைரக்டரியின் பாதையைக் கொடுத்தால் அது எந்த வகை மவுண்ட் என்று சொல்லும். என்எஃப்எஸ், எஸ்எம்பி போன்ற நெட்வொர்க் மவுண்ட் என்றால் கதை முடிந்தது. இந்த இயந்திரத்தின் கெர்னல் வழியாக நடக்கும் மாற்றம் மட்டும்தான் ஐநோட்டிஃபைக்குத் தெரியும். வேறொரு இயந்திரம் அதே பகிர்வில் எழுதினால் இங்கிருக்கும் கெர்னலுக்கு யாரும் சொல்லி அனுப்புவதில்லை. எந்த ஆப்ஷனாலும் இதைச் சரிசெய்ய முடியாது. கோப்புகள் உண்மையில் இருக்கும் சேமிப்பு சர்வரில் கண்காணிப்பை ஓட்டுங்கள். அங்கே அணுகல் இல்லையென்றால் குறிப்பிட்ட இடைவெளியில் ஃபைண்ட் ஓட்டி ஒப்பிடுவதுதான் வழி. மெய்நிகர் இயந்திரங்களுக்குள் பகிரப்பட்ட ஃபோல்டர்களிலும் இதே சந்தேகம் முதலில் வரட்டும்.

/ப்ராக், /சிஸ் ஆகியவற்றின் கீழ் இருப்பவை வட்டில் இருக்கும் கோப்புகளே அல்ல, அங்கே எதிர்பார்க்காதீர்கள். எம்மேப் வழியாக (கோப்பை நினைவகத்தோடு பிணைத்து) எழுதும் நிரல்களின் மாற்றமும் மாடிஃபை நிகழ்வாக வராது. சில தரவுத்தளங்களின் கோப்புகள் மாறியும் மௌனமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

தனியாக ஓட்டினால் வருகிறது, பைப்பில் போட்டால் வரவில்லை

ஐநோட்டிஃபைவெயிட்டின் மேல் தவறில்லை. நடுவில் இருக்கும் க்ரெப் போன்ற வடிகட்டிதான் வரிகளைப் பிடித்து வைத்திருக்கிறது. வெளியீடு டெர்மினலுக்குப் போகாமல் இன்னொரு பைப்புக்குப் போனால் அது பஃபர் நிறையும்வரை சேர்த்து வைத்து ஒரேயடியாக அனுப்பும். க்ரெப்புக்கு "--லைன்-பஃபர்ட்" கொடுங்கள். ஆக்கில் ஒவ்வொரு ப்ரிண்ட்டுக்குப் பிறகும் எஃப்ஃப்ளஷ் கூப்பிடுங்கள். இரண்டும் இல்லாத கருவி என்றால் அதற்கு முன்னால் "எஸ்டிடிபஃப் -ஓஎல்" போட்டுப் பாருங்கள். அவ்வளவுதான்.

முதல் மாற்றம் தெரிந்தது, அப்புறம் ஒன்றுமே இல்லை

இதுதான் அதிகம் பேரை அலைக்கழிக்கும் அறிகுறி. ஒரு அமைப்புக் கோப்பை நேரடியாகக் கண்காணிக்கிறீர்கள். விம்மில் திறந்து சேமித்தீர்கள், சில வரிகள் வந்தன. மறுபடி சேமித்தால் எதுவும் இல்லை. ப்ராசஸ் உயிரோடுதான் இருக்கிறது.

கடைசியாக வந்த வரிகளைப் பாருங்கள். மூவ்_செல்ஃப், டிலீட்_செல்ஃப் என்று இருக்கும். விம் வழக்கமாகச் சேமிக்கும் விதம் இப்படி: பழைய கோப்பின் பெயரைக் கடைசியில் அலைக்குறி சேர்த்து மாற்றுகிறது, அதே பழைய பெயரில் புதிதாக ஒரு கோப்பை உருவாக்கி எழுதுகிறது, பிறகு மாற்றி வைத்ததை அழிக்கிறது. நமக்குப் பார்க்க அதே கோப்பு. கெர்னலுக்கு அது வேறு ஐநோடு. நீங்கள் மாட்டிய வாட்ச் அழிக்கப்பட்ட கோப்போடு சேர்ந்து போய்விட்டது. எல்எஸ் -ஐ அடித்து, சேமிப்பதற்கு முன்னும் பின்னும் ஐநோடு எண்ணை ஒப்பிட்டால் நேரிலேயே பார்க்கலாம்.

விம் மட்டுமல்ல. செட் -ஐ செய்வதும் இதேதான்: தற்காலிகக் கோப்பில் எழுதி, பெயரை மாற்றி மேலே வைக்கிறது. கோப்பு பாதியில் கெடாமல் இருக்க விரும்பும் நல்ல நிரல்கள் பலவும் இப்படித்தான் எழுதும். நானோ அதே கோப்பிலேயே எழுதுவதால், நானோவில் சோதித்தவருக்கு எல்லாம் சரியாக இருக்கும், விம் பயன்படுத்தும் சக ஊழியருக்கு இருக்காது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் நம்பாமல் பேசிக்கொண்டிருப்பார்கள்.

தீர்வு: கோப்பை விட்டுவிட்டு அது இருக்கும் டைரக்டரியைக் கண்காணியுங்கள், பெயரை நீங்கள் வடிகட்டுங்கள்.

ஐநோட்டிஃபைவெயிட் -எம் -இ க்ளோஸ்_ரைட்,மூவ்ட்_டு --ஃபார்மட் '%எஃப்' /எட்சி/செயலி | க்ரெப் --லைன்-பஃபர்ட் -எக்ஸ் 'அமைப்பு.கான்ஃப்'

நேரடியாக எழுதினால் க்ளோஸ்_ரைட் வரும், பெயர் மாற்றி வைத்தால் மூவ்ட்_டு வரும். இரண்டையும் கேட்பதால் எந்த எடிட்டரானாலும் தப்பாது. டைரக்டரியைக் கண்காணிக்க ஆரம்பித்ததும் 4913 என்ற பெயரில் ஒரு கோப்பு தோன்றி மறைவதைப் பார்த்துப் பதற வேண்டாம். அந்த டைரக்டரியில் எழுத முடிகிறதா என்று சோதிக்க விம் உருவாக்கி உடனே அழிக்கும் கோப்பு அது. யாரோ உள்ளே நுழைந்துவிட்டார்கள் என்று இதைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு.

லாக் கோப்புகளில் இதே நோய் வேறு பெயரில் வரும். லாக்ரொட்டேட் நள்ளிரவில் கோப்பின் பெயரை மாற்றிப் புதியதை வைக்கிறது. டெயில் சிறிய -எஃப் பழைய கோப்பையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பெரிய -எஃப் போட்டால் பெயரைப் பின்தொடரும்.

மூன்றாவது வேடம் சிம்லிங்க், அதாவது வேறொரு பாதையைச் சுட்டும் குறுக்குப் பெயர். வெளியீடுகளைத் தனித்தனி டைரக்டரியில் வைத்து, "நடப்பு" என்ற சிம்லிங்க்கைப் புதியதை நோக்கித் திருப்பும் முறை பல சர்வர்களில் உண்டு. "நடப்பு" மேல் வாட்ச் போட்டால், அந்த நொடியில் அது சுட்டிய டைரக்டரியில்தான் வாட்ச் மாட்டும். புதிய வெளியீடு வந்து லிங்க் திரும்பிய பிறகும் நீங்கள் பழைய டைரக்டரியைத்தான் காவல் காத்துக்கொண்டிருப்பீர்கள். மேலே உள்ள டைரக்டரியில் க்ரியேட், மூவ்ட்_டு இரண்டையும் கவனித்து, "நடப்பு" என்ற பெயர் வந்தால் கண்காணிப்பையே மறுதொடக்கம் செய்வதுதான் நம்பகமான வழி. "-ஆர்" மரம் நடக்கும்போது உள்ளே இருக்கும் சிம்லிங்க்குகளுக்குள் போகாது என்பதும் இங்கே நினைவில் இருக்கட்டும்.

வட்டில் இடம் இருக்கிறது, ஆனால் இடம் இல்லை என்கிறது

"நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்ற செய்தியைப் பார்த்தவுடன் டிஎஃப் அடிப்போம், ஏராளமாக இடம் இருக்கும். ஐநோடு தீர்ந்ததோ என்று டிஎஃப் -ஐ அடிப்போம், அதுவும் சரியாக இருக்கும். ஒரு பயனருக்கு அனுமதிக்கப்பட்ட வாட்ச் எண்ணிக்கை தீர்ந்துவிட்டால் கெர்னல் திருப்பித் தரும் பிழை எண் வட்டு நிரம்பியதற்குத் தரும் அதே எண். அதை அப்படியே மொழிபெயர்க்கும் நிரல்கள் நம்மை வட்டின் பக்கம் அனுப்பிவிடுகின்றன. ஐநோட்டிஃபைவெயிட் இந்த விஷயத்தில் பரவாயில்லை, வாட்ச் வரம்பு எட்டிவிட்டது என்று நேராகவே சொல்லும்.

இப்போதைய வரம்புகளைப் பார்க்க:

சிஸ்சிடிஎல் எஃப்எஸ்.ஐநோட்டிஃபை

மூன்று எண்கள் வரும். மேக்ஸ்_யூசர்_வாட்சஸ் என்பது ஒரு பயனர் மாட்டக்கூடிய மொத்த வாட்ச். பழைய கெர்னல்களில் இது 8192 தான். பெரிய குறியீட்டு மரத்தையோ பதிவேற்ற டைரக்டரியையோ "-ஆர்" போட்டால் உடனே தீர்ந்துவிடும். 5.11 கெர்னலிலிருந்து நினைவகத்தின் அளவைப் பொறுத்துத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது, உச்சம் 10,48,576. அதனால் புதிய சர்வரில் வராத பிரச்சினை பழைய சர்வரில் வந்தால் ஆச்சரியம் இல்லை. மேக்ஸ்_யூசர்_இன்ஸ்டன்சஸ் பொதுவாக 128. எத்தனை தனித்தனி ஐநோட்டிஃபை திறப்புகள் வைத்திருக்கலாம் என்பது அது. இது தீர்ந்தால் வரும் செய்தி வேறு: "டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்". உடனே யூலிமிட் பக்கம் ஓடாதீர்கள். டெயில் -எஃப் ஓட்டும்போது "ஐநோட்டிஃபை பயன்படுத்த முடியவில்லை, போலிங்குக்கு (அவ்வப்போது போய்ப் பார்ப்பதற்கு) மாறுகிறேன்" என்ற பொருளில் ஒரு வரி வந்தால் அது இந்த வரம்பைத்தான் முட்டியிருக்கும். கன்டெய்னர்கள் நிறைய ஓடும் இயந்திரத்தில் இது சகஜம்: பயனர் பெயர்வெளி பிரிக்காத கன்டெய்னர்களில் ரூட்டாக ஓடுபவை எல்லாம் ஹோஸ்ட்டின் ஒரே ரூட் கணக்கில்தான் எழுதப்படுகின்றன. வரம்பை உயர்த்த வேண்டிய இடமும் ஹோஸ்ட்தான், கன்டெய்னருக்குள் அல்ல.

உயர்த்துவதற்கு முன் யார் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துவிடுங்கள். ரூட்டாக இருந்து

க்ரெப் -சி '^ஐநோட்டிஃபை' /ப்ராக்/*/எஃப்டிஇன்ஃபோ/* 2>/டெவ்/நல் | க்ரெப் -வி ':0$'

என்று அடித்தால், ஒவ்வொரு ப்ராசஸும் எத்தனை வாட்ச் வைத்திருக்கிறது என்று எண் வரும். பெரும்பாலும் குற்றவாளி நம் ஸ்கிரிப்ட் அல்ல. யாரோ மறந்துவிட்டுப் போன எடிட்டரின் ரிமோட் சர்வரோ ஒத்திசைவு நிரலோ, தேவையே இல்லாத நோட்_மாட்யூல்ஸ் போன்ற மரத்தை முழுதாகப் பிடித்து வைத்திருக்கும். அதை நிறுத்தினாலே சரியாகிவிடும்.

உண்மையிலேயே தேவைப்பட்டால் /எட்சி/சிஸ்சிடிஎல்.டி கீழ் ஒரு கோப்பில் எஃப்எஸ்.ஐநோட்டிஃபை.மேக்ஸ்_யூசர்_வாட்சஸ்=524288 என்று எழுதி, சிஸ்சிடிஎல் --சிஸ்டம் அடியுங்கள். 64 பிட் கெர்னலில் ஒரு வாட்ச் ஏறத்தாழ 1 கிலோபைட் கெர்னல் நினைவகம் எடுக்கும். அத்தனையும் பயன்பட்டால் அரை ஜிபி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வரம்பை உயர்த்துவதால் மட்டும் நினைவகம் செலவாவதில்லை, மாட்டும்போதுதான் செலவு.

ஒரு தடவை சேமித்தால் பத்து வரி

மாடிஃபை ஒவ்வொரு ரைட் அழைப்புக்கும் வரும். பெரிய கோப்பு என்றால் நூற்றுக்கணக்கில்கூட. மாடிஃபையை விட்டுவிட்டு க்ளோஸ்_ரைட்டைக் கேளுங்கள்; எழுதத் திறந்தவர் மூடும்போது ஒரு முறை வரும். லாக் போல மூடாமலே எழுதிக்கொண்டிருக்கும் கோப்புக்கு இது பொருந்தாது, அதற்கு டெயில்தான் சரி.

வரிகள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், நீங்கள் கண்காணிப்பின் வெளியீட்டை அதே டைரக்டரிக்குள் ஒரு லாக்கில் எழுதுகிறீர்களா என்று பாருங்கள். எழுதுவது ஒரு நிகழ்வு, அதைப் பதிவது இன்னொரு நிகழ்வு, சுற்றிக்கொண்டே இருக்கும். லாக்கை வெளியே நகர்த்துங்கள். --எக்ஸ்க்ளூட் போட்டும் தவிர்க்கலாம், ஆனால் அது ரெஜெக்ஸ் (வடிவத்தைக் குறியீட்டால் எழுதும் முறை), ஷெல்லின் நட்சத்திரக் குறி அல்ல: '\.லாக்$' என்று எழுத வேண்டும். இரண்டு எக்ஸ்க்ளூட் கொடுத்தால் கடைசியாகக் கொடுத்தது மட்டும்தான் கணக்கில் வரும், மற்றது விடுபட்டுவிடும். எல்லாவற்றையும் நேர்க்கோடு (|) போட்டு ஒரே ரெஜெக்ஸில் சேருங்கள்.

ஸ்கிரிப்ட் பாதிக் கோப்பை எடுத்துக்கொள்கிறது

க்ரியேட் நிகழ்வில் வேலையைத் தொடங்கியிருப்பீர்கள். க்ரியேட் என்றால் பெயர் தோன்றியது என்று மட்டும்தான் பொருள். உள்ளடக்கம் இன்னும் வந்துகொண்டிருக்கலாம், பூஜ்ய பைட்டாகவே இருக்கலாம். க்ளோஸ்_ரைட்டும் மூவ்ட்_டுவும் சேர்ந்துதான் "கோப்பு தயார்" என்பதற்கு அருகில் வரும்.

இதிலும் ஒரு சுளுக்கு உண்டு. கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் வழியாகக் கோப்பு வந்தால் க்ளோஸ்_ரைட்டில் வரும் பெயர் புள்ளியில் தொடங்கி, கடைசியில் ஏதோ ஆறு எழுத்து ஒட்டிய விசித்திரமான பெயராக இருக்கும். அது ஆர்சிங்க்கின் தற்காலிகக் கோப்பு. ஸ்கிரிப்ட் அதைத் தூக்கப் போகும்போது அது பெயர் மாறிப் போயிருக்கும், "அப்படியொரு கோப்பு இல்லை" என்று பிழை வரும். புள்ளியில் தொடங்கும் பெயர்களைத் தள்ளிவிட்டு மூவ்ட்_டுவில் வரும் உண்மையான பெயரைப் பிடியுங்கள். அனுப்புபவரும் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால், வேறு பெயரில் எழுதிவிட்டு முடிந்ததும் எம்வி செய்யச் சொல்லுங்கள். ஒரே கோப்பு அமைப்புக்குள் என்றால் எம்வி ஒரே அடியில் நடக்கும், பாதிக் கோப்பு என்ற பேச்சே இருக்காது.

பெயரில் இடைவெளி உள்ள கோப்புகள் மட்டும் தோற்றால் அது ஷெல்லின் வேலை. வைல் சுழலில் ரீடுக்கு "-ஆர்" கொடுங்கள், ஐஎஃப்எஸ்ஸைக் காலியாக்குங்கள், மாறியை எப்போதும் மேற்கோளுக்குள் வையுங்கள்.

பெரும்பாலும் வருகிறது, சில கோப்புகள் மட்டும் தவறுகின்றன

இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டையும் முழுதாக ஒழிக்க முடியாது.

முதலாவது, புது துணை டைரக்டரி. "-ஆர்" ஓடும்போது ஒரு டைரக்டரி உருவானால் கருவிக்கு க்ரியேட் நிகழ்வு வரும், அதைப் படித்த பிறகுதான் புதியதில் வாட்ச் மாட்டும். அந்த இடைவெளியில் உள்ளே வந்த கோப்புகளுக்கு நிகழ்வு கிடையாது. டார் அவிழ்க்கும்போதும், எம்கேடிஐஆர் -பி கொண்டு பல அடுக்கு டைரக்டரிகளை ஒரே நேரத்தில் உருவாக்கும்போதும் இது அடிக்கடி நடக்கும்.

இரண்டாவது, வரிசை நிரம்பி வழிவது. படிக்கப்படாத நிகழ்வுகளைக் கெர்னல் ஒரு வரிசையில் வைத்திருக்கும். மேக்ஸ்_க்யூட்_ஈவென்ட்ஸ் என்ற வரம்பு பொதுவாக 16384. உங்கள் வைல் சுழல் ஒவ்வொரு கோப்புக்கும் படம் சுருக்குவது, நெட்வொர்க்கில் அனுப்புவது என்று நேரம் எடுத்தால் முதலில் பைப் நிறையும், பிறகு ஐநோட்டிஃபைவெயிட் எழுத முடியாமல் நிற்கும், பிறகு கெர்னல் வரிசை நிறையும். நிறைந்ததும் க்யூ_ஓவர்ஃப்ளோ என்ற ஒரே நிகழ்வைப் போட்டுவிட்டு மற்றவற்றைக் கெர்னல் தூக்கி எறிந்துவிடும். வரம்பைக் கூட்டலாம், அது தள்ளிப்போடுவதுதான்.

என் கருத்தில், நிகழ்வை அழைப்பு மணியாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். மணி அடித்தால் போய்க் கதவைத் திறந்து, வந்திருப்பது எத்தனை பேர் என்று நாம்தான் பார்க்க வேண்டும். அதாவது, நிகழ்வு வந்ததும் அதில் இருக்கும் பெயரை மட்டும் நம்பாமல், ஓரிரு நொடி பொறுத்து, டைரக்டரி முழுவதையும் ஃபைண்ட் அல்லது ஆர்சிங்க் கொண்டு ஒரு சுற்றுப் பார்ப்பது. ஐந்நூறு நிகழ்வு வந்தாலும் ஒரே சுற்று. தவறிய நிகழ்வும் அதே சுற்றில் பிடிபடும். இத்துடன் மணிக்கு ஒரு முறை நிகழ்வே இல்லாமலும் ஒரு சுற்று ஓட்டுங்கள். இதைச் செய்தவர்கள் பிறகு வாட்ச்சைப் பற்றி அதிகம் கவலைப்படுவதில்லை.

மாறியது தெரிகிறது, யார் மாற்றியது என்று தெரியவில்லை

ஐநோட்டிஃபை அதைச் சொல்லாது. பயனர், ப்ராசஸ் எண் எதுவும் அதன் நிகழ்வுகளில் இல்லை. நிகழ்வு வந்ததும் எல்எஸ்ஓஎஃப் ஓட்டிப் பிடிக்கலாம் என்று முயல்வார்கள். அதற்குள் மாற்றியவர் மூடிவிட்டுப் போயிருப்பார்.

அவசரத்துக்கு ஃபேட்ரேஸ் போதும். அது ஃபேனோட்டிஃபை என்ற வேறொரு கெர்னல் வசதியின் மேல் நிற்கிறது, ரூட் வேண்டும், ப்ராசஸ் பெயரையும் எண்ணையும் காட்டும். இப்போதே நடந்துகொண்டிருக்கும் மர்மத்துக்கு நல்லது. எப்போதோ ஒரு முறை நடப்பதற்கு ஆடிட் என்ற கெர்னல் பதிவு வசதி வேண்டும்:

ஆடிட்சிடிஎல் -டபிள்யூ /எட்சி/செயலி -பி டபிள்யூஏ -கே செயலி-மாற்றம்

எழுதுவதையும் பண்பு மாற்றத்தையும் பதிவு செய் என்று பொருள். இது துணை டைரக்டரிகளையும் சேர்த்துக்கொள்ளும், உள்ளே வேறு மவுண்ட் இருந்தால் அதற்குள் போகாது. பிறகு:

ஏயூசர்ச் -கே செயலி-மாற்றம் -ஐ

வரும் பதிவில் யூஐடியை (பயனர் எண்ணை) மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், சூடோ போட்டவர் எல்லோருக்கும் அது ரூட் என்றுதான் இருக்கும். ஏயூஐடி என்பதைப் பாருங்கள். முதலில் எந்தப் பயனராக உள்ளே வந்தாரோ அது சூடோவுக்குப் பிறகும் மாறாமல் கூடவே வரும். -ஐ இல்லாமல் பார்க்கும்போது அங்கே 4294967295 என்றிருந்தால் யாரும் லாகின் செய்து செய்ததல்ல. பூட்டின்போது கிளம்பிய ஏதோ ஒரு டீமன். எக்ஸ்இ என்ற பகுதியில் எந்த நிரல் என்று இருக்கும். எல்லோரும் நேரடியாக ரூட்டாகவே லாகின் செய்யும் சர்வரில் ஏயூஐடியும் கை விரிக்கும். அப்போது செஸ் (லாகின் அமர்வு) எண்ணை எடுத்து, அதே எண் கொண்ட லாகின் பதிவைத் தேடினால் எந்த ஐபியிலிருந்து வந்தார் என்பதாவது கிடைக்கும்.

விதி போட்டேன், மறுதொடக்கத்துக்குப் பிறகு காணவில்லை என்றால், ஆடிட்சிடிஎல் கொண்டு போடுவது தற்காலிகம்தான். அதே வரியிலிருந்து கட்டளைப் பெயரை நீக்கி /எட்சி/ஆடிட்/ரூல்ஸ்.டி கீழ் ஒரு கோப்பில் வைத்து ஏயூஜென்ரூல்ஸ் --லோட் ஓட்டுங்கள். ரூட்டாக இருந்தும் விதியைச் சேர்க்க அனுமதி இல்லை என்று வந்தால் ஆடிட்சிடிஎல் -எஸ் அடித்துப் பாருங்கள். எனேபிள்டு 2 என்றிருந்தால் விதிகள் பூட்டப்பட்டிருக்கின்றன, மறுதொடக்கம் வரை எதுவும் செய்ய முடியாது. அதே வெளியீட்டில் லாஸ்ட் என்ற எண் ஏறிக்கொண்டே போனால் பதிவுகள் தவறுகின்றன. விதி மிக அகலமாக இருக்கிறது என்று அர்த்தம். /வார், /யூஎஸ்ஆர் போன்ற பெரிய மரங்களை முழுவதுமாகக் கண்காணிக்க ஆசைப்பட்டவர்களுக்கு இது நடக்கும்.

எஸ்எஸ்எச்சிலிருந்து வெளியேறியதும் நின்றுவிடுகிறது

நோஹப், டிமக்ஸ் எல்லாம் இன்றைக்கு ஒரு நாளைக்குச் சரி. நிரந்தரமாக வேண்டுமென்றால் சிஸ்டம்டி சர்வீஸாக எழுதி ரீஸ்டார்ட்=ஆல்வேஸ் போடுங்கள், வெளியீடு தானாக ஜர்னலுக்குப் போகும்.

ஒரே ஒரு டைரக்டரி என்றால் பாதையைக் கவனித்து சர்வீஸைக் கிளப்பும் சிஸ்டம்டியின் பாத் யூனிட்டே போதும், ஐநோட்டிஃபைவெயிட்டே வேண்டாம். பாத்சேஞ்ச்டு என்பது எழுதி மூடும்போது கிளப்பும், பாத்மாடிஃபைடு ஒவ்வொரு எழுத்துக்கும் கிளப்பும். இரண்டும் துணை டைரக்டரிகளுக்குள் போகாது. வரவுப் பெட்டி போன்ற டைரக்டரிக்கு டைரக்டரிநாட்எம்ப்டி நல்லது. சர்வீஸ் சில தடவை கிளம்பிவிட்டு ஸ்டார்ட்-லிமிட்-ஹிட் என்று நின்றால், ஸ்கிரிப்ட் வேலை முடிந்த கோப்பை அங்கேயே விட்டுவைக்கிறது. டைரக்டரி காலியாகாததால் மறுபடி மறுபடி கிளம்பி, 10 நொடிக்கு 5 முறை என்ற இயல்பு வரம்பை முட்டியிருக்கும். முடித்த கோப்பை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள்.

கண்காணிப்பு ஓடாத நேரத்தில் ஏதோ மாறியிருக்கிறது

ஐநோட்டிஃபைக்கு நினைவு கிடையாது, நடந்து முடிந்ததைக் கேட்டால் சொல்லாது. கோப்பு அமைப்பில் மிச்சமிருக்கும் தடயத்தைத்தான் தேட வேண்டும்.

ஃபைண்ட் /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ -சிமின் -180

கடைசி மூன்று மணி நேரத்தில் மாறியவை வரும். வழக்கமாக எல்லோரும் அடிக்கும் -எம்மின் ஏன் இல்லை என்றால், எம்டைமை (உள்ளடக்கம் மாறிய நேரத்தை) யார் வேண்டுமானாலும் டச் -டி கொண்டு பின்னுக்குத் தள்ளலாம். கெட்ட எண்ணமே வேண்டாம், டார் அவிழ்த்தாலோ ஆர்சிங்க் -ஏ செய்தாலோ பழைய நேரமே ஒட்டிக்கொண்டு வரும். இன்று வந்த கோப்பு போன வருடக் கோப்பாகத் தெரியும். -சிமின் பார்க்கும் சிடைமை (ஐநோடு கடைசியாக மாறிய நேரத்தை) அப்படி நேரடியாக மாற்றும் வழக்கமான கட்டளை கிடையாது. கணினிக் கடிகாரத்தையே திருப்பினால் ஒழிய அது உண்மையைத்தான் சொல்லும். ஆனால் சிஎச்மாட், சிஎச்ஓன் செய்தாலும் சிடைம் மாறும் என்பதால் உள்ளடக்கம் மாறாத கோப்புகளும் பட்டியலில் வரும். அழிக்கப்பட்டது எது என்று ஃபைண்ட் சொல்லாது. -டைப் டி -எம்மின் கொண்டு எந்த டைரக்டரியில் பெயர்கள் கூடின அல்லது குறைந்தன என்பது வரை போகலாம்.

இதற்கு மேல் தெரிய வேண்டுமென்றால் முன்கூட்டியே எடுத்து வைத்த ஒப்பீட்டுப் பட்டியல் இருந்திருக்க வேண்டும். எளிய வழி, எல்லாக் கோப்புகளுக்கும் ஷா256சம் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற ஹாஷ்) எடுத்து வரிசைப்படுத்தி வைப்பது. பலரும் பிறகு அதை ஷா256சம் -சி கொண்டு சோதிப்பார்கள். அது பட்டியலில் உள்ளவை மாறினவா, காணாமல் போயினவா என்று மட்டும் பார்க்கும். புதிதாக நுழைந்த கோப்பு அதன் கண்ணிலேயே படாது. இன்னொரு பட்டியலை எடுத்து டிஃப் போட்டால் மூன்றும் தெரியும்.

ஏய்டு என்ற கருவி இதையே ஒழுங்காகச் செய்யும்: உரிமை, ஐநோடு, அளவு, ஹாஷ் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும். ஏய்டு --இனிட் ஓட்டியதும் --செக் அடித்தால் தரவுத்தளம் இல்லை என்று பிழை வருவது வழக்கம், ஏனென்றால் இனிட் எழுதுவது ".நியூ" என்று முடியும் பெயரில், அதை நீங்கள்தான் சரியான பெயருக்கு மாற்ற வேண்டும். பேக்கேஜ்களைப் புதுப்பித்த பிறகு ஆயிரக்கணக்கில் மாற்றங்கள் காட்டினால் பதறாமல், இவை புதுப்பிப்பால் வந்தவைதானா என்று பார்த்துவிட்டு --அப்டேட் செய்யுங்கள். பார்க்காமலே தினமும் அப்டேட் செய்ய க்ரானில் போட்டு வைத்திருக்கும் சர்வர்களும் இருக்கின்றன. அங்கே ஏய்டு இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். தரவுத்தளத்தின் ஒரு நகலை வேறு இயந்திரத்தில் வையுங்கள், ரூட் அனுமதி பெற்றவர் கோப்பை மாற்றிய கையோடு பட்டியலையும் மாற்றிவிட முடியும்.